போன் ஸ்பீக்கரில் மந்தர ஸட்ஜம் கேட்பது எப்படி?

ஒருகட்டை கேட்டது:
நான் பாடுவது ஒரு கட்டை சுருதி. காலைச் சாதகத்துக்குப் போனில் தம்புரா ஆப். அதன் மந்தர ஸட்ஜம் (கீழ் ஸ்தாயி ‘ஸ’) சுமார் 65 ஹெர்ட்ஸ். இன்னொரு போனில் ஸ்பெக்ட்ரம் பார்த்தால், 200க்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை! ஒலி மெலிந்திருக்கிறது, சரி. ஆனால் ஸட்ஜம் மேல் ஸ்தாயிக்கு ஏறவில்லையே, ஏன்?

செவிநரம்பு:
தந்தியை மீட்டினால் 65 மட்டும் எழுவதில்லை. 130, 195, 260, 325, 390 என்று அதன் மடங்குகளும் கூடவே எழும். போன் கீழே உள்ளவற்றை விட்டுவிடுகிறது. மிஞ்சியவற்றுக்கு இடையே உள்ள தூரம் அப்போதும் 65தான். சேர்ந்த அலை நொடிக்கு 65 முறைதான் திரும்ப வருகிறது. அந்த ஒழுங்கை வைத்தே மூளை ஸ்தாயியை முடிவு செய்கிறது. 1841இல் இயற்பியலாளர் சீபெக் சைரனை வைத்து இதைக் காட்டினார். ஓம் (மின்தடை விதிக்காரரேதான்) ஏற்கவில்லை, பெரிய சண்டையாகிவிட்டது.

ஒருகட்டை:
காதுக்குள்ளேயே ஏதோ கலந்து அந்த 65 உண்டாகிறது என்று சொல்லலாமே? மூளைதான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

செவிநரம்பு:
நல்ல கேள்வி. இந்தச் சண்டையில் ஓம் பக்கம் நின்ற இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் வாதமும் அதுதான். 1954இல் லிக்லைடர் என்ற ஆய்வாளர் ஒலியின் கீழ் அதிர்வெண் பகுதியை இரைச்சலால் மூடினார். காதில் 65 உண்டாகியிருந்தால் அந்த இரைச்சலில் மறைந்திருக்கும். மறையவில்லை. 1988இல் சட்டோரே, வலப்பக்கச் செவிப் புறணி (ஒலியை உணரும் மூளைப்பகுதி) வரை அறுவை நடந்தவர்களைச் சோதித்தார். இப்படி அடிச்சுரம் நீக்கிய ஒலிகளில்தான் அவர்கள் தடுமாறினார்கள். 2005இல் பெண்டரும் வாங்கும் மார்மோசெட் குரங்கின் புறணியில் சில நரம்பணுக்களைக் கண்டார்கள். தனிச்சுரம் ஒலித்தாலும், அதே சுரத்தின் மடங்குகள் மட்டும் ஒலித்தாலும் அவை ஒரே மாதிரி துடித்தன. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த முடிவு இது.

ஜீவாநூல்:
தம்புரா வாசிக்கிறவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். எல்லா வாத்தியத்திலும் இது இவ்வளவு நன்றாக அமையாது. தந்திகளைத் தாங்கும் வளைந்த குதிரையும் அதன்மேல் வைக்கும் ஜீவா நூலும் மேல்மடங்குகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும், சி.வி. ராமன் 1921இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஐந்தாவது மடங்கான அந்த 325தான், சுருதி சேர்ந்ததும் நமக்குக் கேட்கும் அந்தர காந்தாரம் (‘க’ சுரம்). ஒருகட்டை தம்பி, போனில் காந்தாரம் தெளிவாக விழுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். விழுந்தால் சாதகத்துக்கு அது போதும். மந்தரத்தில் இறங்கிப் பாடும் நாளில் மட்டும் பெரிய ஸ்பீக்கர் வையுங்கள். மெலிந்த ஒலியோடு அங்கே குரலைச் சேர்ப்பது கஷ்டம்.