ஸ்பானிஷ் நிகழ்காலம்: ‘பிபேமோஸ்’ ஏன் தப்பு?

கேள்வி:
வேலைக்காக மெக்சிகோவில் கெரெத்தாரோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஸ்பானிஷ் வகுப்புக்குப் போகிறேன். வினைச்சொற்கள் ஆர், ஏர், ஈர் என்று முடியும், அதை எடுத்துவிட்டு ஆளுக்கேற்ற விகுதியைச் சேர்க்க வேண்டும் என்பது வரை புரிந்தது. ஆப்லார் (பேசுவது) சரியாக வருகிறது: ஆப்லோ (நான்), ஆப்லாஸ் (நீ), ஆப்லா (அவர்), ஆப்லாமோஸ் (நாங்கள்), ஆப்லான் (அவர்கள்). கொமேர் (சாப்பிடுவது), பிபீர் (வசிப்பது) இரண்டும்தான் குழப்புகின்றன. ‘இங்கே வசிக்கிறோம்’ என்பதற்கு ‘பிபேமோஸ் அக்கீ’ என்று எழுதினேன். ஆசிரியை சிவப்பில் சுழித்து ‘பிபீமோஸ்’ என்று திருத்தினார். ‘வசிக்கிறார்கள்’ என்பதற்கு ‘பீபென்’ என்று எழுதினேன், அதற்கு டிக். ஒரே சொல்லில் ஓரிடத்தில் ஈ, ஓரிடத்தில் எ எப்படி வரும்?

இன்னொன்று. பக்கத்து வீட்டு அம்மாவிடம் ‘உஸ்தெத் ஆப்லாஸ் இங்க்லேஸ்?’ (நீங்கள் ஆங்கிலம் பேசுவீர்களா?) என்று கேட்டேன். ‘ஆப்லா’ என்று திருத்தினார். உஸ்தெத் என்றால் ‘நீங்கள்’தானே?

பதில் 1:
அட்டவணையை மூடிவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பீபோ, பீபெஸ், பீபெ, பீபென்: நான்கிலும் அழுத்தம் முதல் அசையில். விகுதி அழுத்தமில்லாமல் கிடக்கிறது, அதனால் ஏர் வினைக்கும் ஈர் வினைக்கும் ஒரே எ ஒலிதான். ‘நாங்கள்’ வரும்போது அழுத்தம் விகுதிக்கு நகர்கிறது: பி-பீ-மோஸ். அங்கேதான் ஈர் தன் சொந்த ஒலியைக் காட்டும். கொமேர் என்றால் கொ-மே-மோஸ். ஸ்பெயினில் நண்பர்கள் பலரைக் கூப்பிடும் ‘நீங்கள்’ வடிவத்திலும் இதே கதை: கொமேயிஸ், பிபீஸ். மெக்சிகோவில் அந்த வடிவம் புழக்கத்தில் இல்லை. பலரிடம் பேசினால் உஸ்தேதெஸ் ஆப்லான் போதும்.

பதில் 2:
உஸ்தெத் பற்றி. அது ‘புவெஸ்த்ரா மெர்செத்’, அதாவது ‘தங்கள் அருள்’ என்ற மரியாதைத் தொடர் தேய்ந்து வந்த சொல். ஆளைப் பார்த்துப் பேசினாலும் வினை படர்க்கையில்தான் நிற்கும். நம் ஊரில் எதிரே நிற்பவரிடமே ‘அண்ணன் என்ன சொல்றாரு?’ என்று கேட்கிறோமே, அதே மாதிரி. ஆப்லாஸ் ‘நீ’க்கு உரியது.

அப்புறம், ஒவ்வொரு வரியிலும் ‘யோ’ (நான்) போடுகிறீர்களா? வேண்டாம். ‘பேசுகிறேன்’ என்றாலே பேசுவது நான் என்று தெரிகிறது, ஆப்லோவும் அப்படித்தான். தமிழ் பேசுகிறவர்களுக்கு இது பெரிய வசதி, விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி! எஸ்க்ரிபீர் (எழுதுவது) போட்டுப் பார்த்தேன்: எஸ்க்ரிபீமோஸ், எஸ்க்ரீபென். பெபேர் (குடிப்பது): பெபேமோஸ், பேபென். சரியா?

பதில் 1:
நான்கும் சரி. இறந்தகாலம் ஆரம்பிக்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: ஆப்லாமோஸ், பிபீமோஸ் இரண்டும் ‘பேசினோம்’, ‘வசித்தோம்’ என்றும் பொருள்படும். ‘அயேர்’ (நேற்று) போன்ற சொல் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கொமேமோஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ‘சாப்பிட்டோம்’ என்றால் கொமீமோஸ்.