மைக்ரோவேவ் பட்டு காதுக்குள்ள கேக்கிற சத்தம்: சொல் வேணும், வியாழனுக்கிடையில

கிளிநொச்சி ரீச்சர்:
ஏ.எல் பௌதிகவியல் நோட்ஸ் ரைப் பண்ணுறன், வியாழன் போட்டோக்கொப்பிக்குக் குடுக்கோணும். துடிப்பு துடிப்பா வாற மைக்ரோவேவ் தலையில பட்டா, வெளியில ஒரு சத்தமும் இல்லாமலே கிளிக் கிளிக்கெண்டோ இரையிற மாதிரியோ கேக்கும். அமெரிக்க விஞ்ஞானி அலன் பிறே 1962 இல எழுதின விசயம். நான் "நுண்ணலை மூளையொலி" எண்டு போட்டு வச்சிருக்கிறன், சரியோ?

வவுனியா தம்பி:
மூளையொலி வேண்டாம் ரீச்சர், பிரமை எண்டு நினைப்பாங்கள். துடிப்புப் பட்டவுடன தலைக்குள்ள வெப்பநிலை ஒரு பாகையில பத்து லட்சத்தில சில பங்குதான் ஏறுது, ஆனா மைக்ரோசெக்கன் கணக்கில ஏறுறதால இழையம் சடாரெண்டு விரிஞ்சு அமுக்க அலை கிளம்பி எலும்பு வழியா உட்காதில இருக்கிற நத்தைச்சுருளுக்குப் போகுது. அங்கால வழமையான கேள்விதான். ஒரே சீரா வாற அலையில இது நடக்காது. "வெப்பமீள் செவிப்புல விளைவு" எண்டு போடுங்கோ.

நெடுங்கேணி வாத்தியார்:
உது சொல்லோ, ரயில் பெட்டியோ? "கம்பலை சும்மை கலியே அழுங்கல்" நாலும் அரவப் பொருள, அதாவது சத்தம் எண்ட பொருள் எண்டு தொல்காப்பியர் உரியியலில சொல்லிப்போட்டார். கம்பலைக்கு நடுக்கம் எண்டும் பொருள் கிடக்கு, அமுக்க அலையும் நடுக்கம்தானே. நுண்ணலைக் கம்பலை!

மல்லாவி அண்ணை:
கம்பம், கம்பனம் வடமொழி எல்லோ வாத்தியார்?

நெடுங்கேணி வாத்தியார்:
அது பெரிய வழக்கு, பிறகு பேசுவம். அப்ப நுண்ணலைச் சும்மை.

மல்லாவி அண்ணை:
பிள்ளையள் சும்மா எண்டு வாசிப்பினம்.

நெடுங்கேணி வாத்தியார்:
சும்மா இருக்கேக்க கேக்கிற சத்தம்தானே, பொருந்துது.

முழங்காவில் அக்கா:
எங்கட குசினி ஒவனும் உம்மெண்டுது, அதுவும் இதோ?

வவுனியா தம்பி:
இல்லையக்கா, அது விசிறியும் ட்ரான்ஸ்போமரும். இது கேக்க வேணுமெண்டா, ரேடார் மாதிரி உச்ச வலு கூடின துடிப்பு ஆளுக்குப் பக்கத்தில வேணும். கியூபாவின்ர ஹவானாவில 2016 இல அமெரிக்கத் தூதரக ஆக்கள் கேட்ட சத்தத்துக்கும் இதைச் சிலர் காரணம் சொன்னவை, 2023 இல அமெரிக்கப் புலனாய்வு அமைப்புகளில பெரும்பாலானவை எதிரிநாட்டு வேலையா இருக்கச் சாத்தியம் மிகக் குறைவு எண்டிட்டினம். அதாலதான் சொல்லுறன், பேரில மர்மம் வேண்டாம்.

மல்லாவி அண்ணை:
மைக்ரோஸ்கோப்பை நுணுக்குக்காட்டி எண்டு படிக்கிற பிள்ளையளுக்கு மைக்ரோவேவை நுணுக்கலை எண்டாலென்ன?

வவுனியா தம்பி:
நுண்கலைப் பீடம் எண்டு போயிடுவாங்கள் அண்ணை.

கிளிநொச்சி ரீச்சர்:
எனக்கு நித்திரை வருது. "நுண்ணலைச் செவிப்புல விளைவு", மூண்டு பேர் ஓமெண்டிட்டினம், அடிக்கப் போறன்.

நெடுங்கேணி வாத்தியார்:
அடியுங்கோ பிள்ளை. நான் ஓமெண்டேல்லை. அடைப்புக்குள்ளயாவது சும்மையைப் போடுங்கோ.