ரேஞ்ச்ஃபைண்டர்: தொலைவுமானியா, இணைவுகாட்டியா?

> தொலைவுமானி என்ற சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

வணக்கம் ஐயா.

தொலைவுமானி நல்ல சொல்தான். ஆனால் கேமராவில் குவியத்தைச் சரியாக வைக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டரின் மூதாதைக்கே அது உரியது. தொடக்கத்தில் ரேஞ்ச்ஃபைண்டரைத் தனிக் கருவியாகக் கேமராவின் தலையில் செருகுவார்கள். அதில் தொலைவைப் படித்து, அந்த எண்ணை லென்ஸ் வளையத்தில் கையால் வைக்க வேண்டும். 1932இல் வந்த லைக்கா 2 கேமரா அதை லென்ஸோடு பிணைத்துவிட்டது. பிணைத்தபின் எண்ணைப் படிக்கும் வேலையே இல்லை.

என்னிடம் இருப்பது 1979இல் வெளிவந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ. உள்ளங்கையில் அடங்கிவிடும். கண் வைத்துப் பார்க்கும் சாளரத்தின் நடுவே மங்கலான சிறு கட்டம். அதற்குள் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸுக்கு அடியில் உள்ள குட்டி நெம்புகோலைத் தள்ளத் தள்ள இரண்டும் நெருங்கி, சட்டென்று ஒன்றாகும்; குவியம் சரியாகிவிட்டது என்று பொருள். அந்தக் கணத்துக்காகவே இந்தக் கேமராவைக் கையில் எடுக்கிறேன். அப்போது முகம் இரண்டு மீட்டரில் இருந்ததா, மூன்றிலா என்று நான் பார்ப்பதே இல்லை.

ஆகவே என் பரிந்துரை: இணைவுகாட்டி. திசையைக் காட்டுவது திசைகாட்டி. இரு பிம்பங்களின் இணைவைக் காட்டுவது இது. முதலில் 'இணைகாணி' என்று எழுதிப் பார்த்தேன். காணி என்றதும் நிலம் நினைவுக்கு வந்தது, விட்டுவிட்டேன். 'இணைநோக்கி' என்றால் பைனாகுலர் என்று எண்ணிவிடுவார்கள்.

இந்தச் சொல் பழுதுபார்க்கும்போதும் கைகொடுக்கிறது. வெகுதொலைவுப் பொருளைப் பார்க்கையில் பிம்பங்கள் பக்கவாட்டில் சேராவிட்டால் 'இணைவுப் பிசகு', குவியமே தவறிவிடும். மேலும் கீழுமாக விலகி நின்றால் 'மட்டப் பிசகு'. படத்துக்குக் கேடில்லை, கண்ணுக்குத்தான் தொல்லை. சாளரம் வழியே நேரே தெரிவதை நேர்ப்பிம்பம் என்றும், கண்ணாடியில் பட்டு வருவதைத் துணைப்பிம்பம் என்றும் சொல்லலாம். பழைய கேமராக்களில் கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு நாள்பட மங்கி, துணைப்பிம்பம் வெளிறிப்போகும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், முன்சாளரத்தின் நடுவில் சிறு கறுப்பு ஒட்டுநாடாத் துண்டை ஒட்டிப் பாருங்கள். அந்த இடத்தில் நேர்ப்பிம்பம் இருண்டு, துணைப்பிம்பம் பளிச்சென்று எழும்.

அந்த நடுக்கட்டத்துக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. சில கேமராக்களில் அது செவ்வகம், சிலவற்றில் வட்டம்; எனவே 'கட்டம்' எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 'இணைவுப்பொட்டு' என்று ஒன்று மனத்தில் ஓடுகிறது. உங்களுக்கு எப்படிப் படுகிறது?