வளரிளம் பருவத்தினர் நலம் பற்றிய கூட்டாய்வு: மாணவர்களை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

கேள்வி: நெல்லைத்தென்றல்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கல்லூரியின் சமூகப்பணித் துறையில் ஆய்வு மாணவி. எங்கள் துறையும் ஒரு மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறையும் சேர்ந்து, சில அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் மாணவ மாணவியரிடையே ரத்தசோகையையும் மனச்சோர்வையும் ஆராயவிருக்கிறோம். ஆய்வுத் திட்டத்தின் வரைவு தயாராகிவிட்டது. மருத்துவர்கள், பேராசிரியர்கள், தலைமை ஆசிரியர்கள் என எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கிறது. மாணவர்களுக்கு மட்டும் வினாத்தாளை நிரப்புவதும் விரல் நுனியில் ரத்தம் கொடுப்பதும்தான் வேலை. கூட்டாய்வு என்று பெயர் வைத்துவிட்டு, யாருடைய நலத்துக்காக இதைச் செய்கிறோமோ அவர்களை வெளியே நிறுத்துவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. தொடக்கத்திலேயே அவர்களைச் சேர்த்தால் காலம் நீளும், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் சிக்கலாகும் என்று உடன் பணியாற்றுவோர் கருதுகிறார்கள். இந்தியாவில் இத்தகைய ஆய்வுகள் எப்படி நடந்திருக்கின்றன, பெற்றோர் ஒப்புதலையும் ரகசியக் காப்பையும் எவ்வாறு கையாண்டீர்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பொதுச்சுகாதாரம்

முதலில் பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் நடந்த செஹர் ஆய்வைப் படித்துப் பாருங்கள். கோவாவைச் சேர்ந்த சங்காத் என்ற மனநலத் தொண்டு அமைப்பும் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிகல் மெடிசின் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து, எழுபதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு அது. முதலாண்டு முடிவுகள் 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின. பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் வகைப் பள்ளிகளில், மருத்துவப் படிப்பில்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் பள்ளி முழுவதற்குமான நலத்திட்டத்தை நடத்தினார். இரண்டாம் வகையில் அதே திட்டத்தை அப்பள்ளியின் ஆசிரியர் ஒருவர் நடத்தினார். மூன்றாம் வகையில் வழக்கமான வாழ்க்கைத்திறன் வகுப்புகள் மட்டுமே நடந்தன. சுவர் இதழ், பள்ளி நலக்குழு, மாணவர்கள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் பெட்டி, தனிப்பட்ட ஆலோசனை ஆகியவை அத்திட்டத்தில் இருந்தன.

ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும், சக மாணவர்களைச் சீண்டித் துன்புறுத்துவதும், வன்முறையும் குறைந்தன. இரண்டாம் ஆண்டு முடிவில் இந்தப் பலன் மேலும் வலுத்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. மதிப்பெண் போடுகிறவரிடமே மனத்திலுள்ளதைச் சொல்ல மாணவர் தயங்குவார் என்பதும், பாடச்சுமைக்கு நடுவே ஆசிரியருக்கு இதற்கு நேரமில்லை என்பதும் காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. எனவே வினாத்தாளை இறுதி செய்வதற்கு முன்பே, "இதை உங்களிடம் யார் வந்து கேட்டால் உண்மையைச் சொல்வீர்கள்?" என்று மாணவர்களிடம் கேட்டுவிடுங்கள். உங்கள் வரைவில் தகவல் திரட்டும் பொறுப்பு வகுப்பாசிரியர்களிடம் இருந்தால் அதை உடனே மாற்றுங்கள்.

பதில்: கிராமக் களப்பணி

பல ஆண்டுகள் பள்ளி நலத் திட்டங்களில் பணியாற்றியவள் என்ற முறையில் ரத்தசோகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. வாராந்திர இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தும் இந்த நிலை.

ஒரு பள்ளியில் "மாத்திரை வாங்கினீர்களா?" என்ற கேள்விக்கு வகுப்பு முழுவதும் "ஆம்" என்று குறித்திருந்தது. அன்று மாலை ஒரு மாணவி தன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினாள். காம்பஸுக்கும் ஸ்கேலுக்கும் அடியில் நீல மாத்திரைகள் அப்படியே கிடந்தன. மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு அவள் பயந்திருக்கிறாள். அது இரும்புச்சத்தினால் வருவது, கெடுதல் இல்லை என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவளுடைய தோழிகள் சிலர் காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள். வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டுகிறது என்றார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பிறகு அந்த மாணவிகளையே உட்காரவைத்துக் கேள்வியை எழுதச் சொன்னபோது, "வாங்கிய மாத்திரையை என்ன செய்தீர்கள்?" என்று எழுதினார்கள். நாங்கள் எத்தனையோ வரைவுகள் எழுதியும் எங்களுக்குத் தோன்றாத கேள்வி அது. காலம் நீளும் என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: தவறான கேள்வியைக் கேட்டுத் திரட்டிய தகவல், எவ்வளவு விரைவாகத் திரட்டியிருந்தாலும் பயன்படாது.

பதில்: மனநலச் சமூகப்பணியாளர்

ஒப்புதல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பெற்றோரின் ஒப்புதலோடு 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களின் எழுத்துப்பூர்வமான இசைவையும் பெற வேண்டும். பெற்றோர் கையெழுத்திட்டிருந்தாலும் மாணவர் வேண்டாமென்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும். வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் எவரும் மறுக்க மாட்டார்கள் என்பதால் தனியே கேளுங்கள்.

ரகசியக் காப்பில் கவனம் தேவை. "நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று எழுதிவிடாதீர்கள். 18 வயதுக்குட்பட்ட ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதைத் தெரிவிக்கும் கடமை உங்களுக்கு உண்டு. அந்த வரம்பை இசைவுப் படிவத்திலேயே எளிய தமிழில் சொல்லிவிடுவதுதான் நேர்மை. தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்பதாக இருந்தால், "ஆம்" என்று பதில் வந்த அன்றே அந்த மாணவரைப் பார்க்க ஒருவர் இருக்க வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் உதவி எண் 14416ஐ அச்சிட்டுக் கொடுப்பது மட்டும் போதாது.

குடும்பத்தையும் எதிராளியாகக் கருதிவிட வேண்டாம். சென்னையில் மனநலச் சிகிச்சையும் ஆய்வும் செய்யும் ஸ்கார்ஃப் நிறுவனமும் மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, முதன்முறையாக மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்க்கு ஆளான இளையோரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து ஒப்பிட்டார்கள். சிகிச்சையை இடையில் விட்டுவிடுவது சென்னையில் மிகக் குறைவாக இருந்தது. குடும்பத்தினர் சிகிச்சைக் குழுவோடு கொண்டிருந்த தொடர்பும் சென்னையில்தான் அதிகம். ஒரே முறையில் இரண்டு ஊர்களிலும் பார்த்ததனால்தான் இது புலப்பட்டது.

மறுமொழி: நெல்லைத்தென்றல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் வரைவிலும் தகவல் திரட்டுபவர்கள் வகுப்பாசிரியர்கள்தான். அதை மாற்றச் சொல்லி நாளையே பேசுகிறேன். நெறிமுறைக் குழுவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. மாணவர்களோடு பேசிய பிறகு வினாத்தாள் மாறும் என்றால், இப்போது எதை அனுப்புவது?

பதில்: பொதுச்சுகாதாரம்

இரண்டு கட்டங்களாக அனுப்புங்கள். மாணவர்களோடு கலந்து பேசி வினாத்தாளை உருவாக்குவதை முதற்கட்டமாகக் காட்டி, அதற்கு மட்டும் ஒப்புதல் கேளுங்கள். வினாத்தாள் உருவான பிறகு முதன்மை ஆய்வுக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். முடிவுகளை மாணவர்களிடம் சொல்லும் கூட்டத்தையும் தேதியோடு திட்டத்தில் எழுதிவிடுங்கள். அதை ஜனவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வு முடிந்துவிட்டால் பத்தாம் வகுப்பினரில் பலர் வேறு பள்ளிகளுக்கும் ஐ.டி.ஐ.க்கும் போய்விடுவார்கள், பிறகு அவர்களைத் தேடிப் பிடிப்பது கடினம். ஹீமோகுளோபின் அளவு குறைவாக உள்ளவர்களை மட்டும் அந்தக் கூட்டம் வரை காத்திருக்க வைக்காமல், பரிசோதனை செய்த அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.