புதுப்பிப்பு: மூணு பேர் சேர்ந்து ஒரே மந்திரம், ஆடிப் பார்த்தாச்சு

பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5ஆம் பதிப்பில் மூன்று மந்திரவாதிகள் சேர்ந்து ஒரே மந்திரம் போட முடியுமா என்று போன மாசம் கேட்டிருந்தேன். "ஆளுக்கொரு ஸ்லாட் செலவழிக்கட்டும், ஒருத்தர் தலைமை தாங்கட்டும்" என்றீர்கள். (ஸ்லாட் என்றால் ஒவ்வொரு தடவை மந்திரம் போடவும் செலவாகும், எண்ணிக்கையில் அடங்கிய வாய்ப்பு.) ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் எங்க வீட்டில் ஆடினோம். வெளியே நல்ல மழை.

ஸ்லாட் செலவு பெரிய விஷயமே இல்லை. மந்திரத்தைப் பிடித்து வைத்திருப்பதில்தான் உயிரே இருக்கிறது. அடிபட்டால், மந்திரம் கலையாமல் இருக்க இருபது முகப் பகடையை உருட்டி 10 அல்லது சேதத்தில் பாதி, எது பெரிதோ அதை எட்ட வேண்டும் என்பது மூல விதி. நாங்கள் சேர்த்தது: மூவரில் யார் அடிபட்டாலும் தலைமைதான் உருட்டணும், மற்ற இருவரும் ஆளுக்கொரு நான்கு முகப் பகடை கூட்டலாம்.

குளச்சல் மாதிரி ஒரு கற்பனைத் துறைமுகம், ஏறிவரும் கடலைத் தடுத்து நிற்கிறோம். தங்கச்சிக்கு 26 சேதம். எட்ட வேண்டியது 13. தலைமை நான்தான். எனக்கு விழுந்தது 6, என் பாத்திரத்துக்கு உரிய கூட்டல் 3. போச்சு என்றே நினைத்தேன். நேந்திரங்காய் சிப்ஸ் தட்டில் முட்டி நின்றது அண்ணனின் பகடை: 3. தங்கச்சிக்கு 1. சரியா 13! "மக்கா, நின்னுட்டு!" என்று அண்ணன் கத்தியதில் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாங்க.

ஒருவர் மயங்கி விழுந்தால் மந்திரம் உடையணுமா? எனக்கு உடையக் கூடாதுன்னுதான் தோணுது. அடுத்த ஞாயிறு அதையும் ஆடிப் பார்க்கிறோம்.