பாசியைப் படித்த பெண் யாராவது இருக்கிறார்களா?

பாம்பன் மகள்:
எங்க அம்மா பன்னிரண்டு வயதிலிருந்து பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்குகிறவர். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறிப்பார். நான் சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். போன வாரம் டார்வின், மெண்டல் என்று அடுக்கிக்கொண்டிருந்தேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "பொம்பளை ஒருத்திகூட இல்லையா?" என்றார். கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாள் பெயரைச் சொன்னேன். "கரும்பு சரி, பாசி?" என்றார். பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் மாணவன்:
இருக்கிறார் அக்கா. இங்கிலாந்தின் கேத்லீன் ட்ரூ பேக்கர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1928-ல் கல்யாணம் ஆனதும், மணமான பெண்ணுக்கு வேலை கிடையாது என்று பதவி போய்விட்டது. சம்பளம் இல்லாமலே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

ஜப்பான்காரர்கள் சாப்பிடும் நோரி என்ற பாசி குளிர்காலத்தில் வளரும், கோடையில் காணாமல் போகும். அதன் வித்து எங்கே போகிறது என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. விளைச்சல் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. கேத்லீன் தன் நாட்டுக் கடலில் உள்ள, நோரிக்கு நெருங்கிய உறவான பாசியை வளர்த்துப் பார்த்தார். வித்து சிப்பி ஓட்டைத் துளைத்து உள்ளே போய், சிவந்த நூலாகப் படர்ந்திருந்தது. அந்த நூலை அதுவரை வேறொரு பாசி என்றே நினைத்திருந்தார்கள். 1949-ல் இதை வெளியிட்டார். ஜப்பானியர்கள் சிப்பியிலேயே வித்து வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை, 1957-ல் இறந்துவிட்டார். 1963-ல் குமாமோட்டோ பக்கம் ஊட்டோ என்ற ஊரில் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள். ஏப்ரல் 14 தோறும் அங்கே விழா. 'கடலின் தாய்' என்கிறார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும்.

கீழக்கரை டீச்சர்:
ஹவாய்த் தீவின் பாசி ஆய்வாளர் இசபெல்லா அபாட்டையும் சொல்லுங்கள் தங்கச்சி. 1919-ல் பிறந்தவர். எந்தப் பாசியைத் தின்னலாம் என்று முதலில் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மாதான். 1950-ல் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். உங்கள் அம்மாவுக்கு இவரைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

பாம்பன் மகள்:
இரண்டையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சம்பளம் இல்லாமலா?" என்று மூன்று தடவை கேட்டார். அப்புறம் ஒரு சந்தேகம்: எங்கள் கஞ்சிப்பாசி வித்தும் சிப்பிக்குள்தான் போகுமா தம்பி?

மண்டபம் மாணவன்:
இல்லை அக்கா. அது கல், சிப்பி மேல் ஒட்டி, பார்வைக்கு அதே மாதிரிப் பாசியாகவே முளைக்கும். கொடியில் சின்னச் சின்ன முண்டுகள் பார்த்திருப்பீர்கள். அவை இருந்தால் அது பெண் பாசி, வித்து அதற்குள்தான்.

பாம்பன் மகள்:
அம்மா சிரித்துவிட்டார். "பறிக்கும்போது கையில நெருடுமே, அதா? இத்தனை வருசம் அது பாசிக்கு வந்த சீக்குன்னுல்ல நினைச்சேன்." ஞாயிற்றுக்கிழமை முண்டு உள்ள கொடி இரண்டு கொண்டுவருவதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்.