ஸ்லேவியாவுக்கு லோயரிங் ஸ்பிரிங்: சேலம் ரோட்டிலும் ஏற்காடு ஏற்றத்திலும் பார்த்தது

அஸ்தம்பட்டிக்காரன்:

குடும்பத்துக்கு ஓட்டுகிற செடானைத் தாழ்த்தலாமா, எந்த ஸ்பிரிங் எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். லோயரிங் ஸ்பிரிங் (வண்டியின் உயரத்தைக் குறைக்க மாட்டும் ஸ்பிரிங்) போட்டு ஓட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வண்டி ஸ்கோடா ஸ்லேவியா. வீட்டில் அப்பா, அம்மா, மனைவி, பையன், நான். மாமா வீடு ஏற்காட்டில் என்பதால் அடிக்கடி மலை ஏற வேண்டியிருக்கும், போகும்போது டிக்கி காலியாகப் போனதே இல்லை.

டயருக்கும் அதன் மேலுள்ள ஃபெண்டர் தகட்டுக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்து ஸ்பிரிங் வாங்காதீர்கள். அது வண்டி காலியாக நிற்கிறபோது தெரிகிற அழகு. எல்லாரும் ஏறி உட்கார்ந்து, டிக்கியும் நிறைந்த பிறகு பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. ஸ்லேவியாவின் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டி அடிக்கும் உள்ள இடைவெளி) 179 மி.மீ. என்பது ஆளில்லாத வண்டிக்கு. டிக்கி 521 லிட்டர், அதை நிரப்பி ஆளும் ஏறினால் பின்சக்கரங்கள் மேல் கூடுதலாக 250 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்கு 125. சக்கரத்தில் ஒரு மி.மீ. அமுங்க 2.5 கிலோ கேட்கிற ஸ்பிரிங் என்றால் 50 மி.மீ. இறங்கிவிடும் (உதாரணக் கணக்குதான், ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் மாறும்). ஏற்கெனவே 40 மி.மீ. தாழ்த்தியிருந்தால் பின்பக்கம் மிச்சம் இருப்பது 9 சென்டிமீட்டர் கூட இல்லை.

அதனால் நான் தேடியது பின்பக்கம் 25 மி.மீ.க்கு மேல் இறக்காத புரோகிரசிவ் ஸ்பிரிங். ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருக்கும். பாரம் ஏற ஏற அந்தச் சுற்றுகள் முதலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வேலை செய்கிற சுற்றுகள் குறையும், ஸ்பிரிங் விறைக்கும். காலி வண்டியில் மெத்தென்றும் பாரத்தில் முட்டுக்கொடுத்தும் நிற்பது இப்படித்தான். லீனியர் ஸ்பிரிங் முதலிலிருந்து கடைசி வரை ஒரே விறைப்பு, தனியாக ஓட்டுகிறவருக்கு அது பிடிக்கலாம்.

இன்னொன்று, அச்சு எடை. ஐபாக், எச் அண்ட் ஆர் மாதிரி ஜெர்மன் ஸ்பிரிங்குகளோடு வரும் சான்றிதழில் முன் அச்சுக்கு இத்தனை கிலோ வரை, பின் அச்சுக்கு இத்தனை கிலோ வரை என்று இருக்கும். அதை உங்கள் வண்டியின் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ஜின் மாறினால் முன் அச்சு எடையும் மாறும், வேறு வண்டிக்கு வந்த ஸ்பிரிங்கை "இதுவும் உட்காரும்" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். உட்காரும், ஆனால் தாங்குமா என்பது வேறு.

சரி, ஸ்பிரிங்கை அறுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் நின்றிருந்தபோது, வேறு எங்கோ ஸ்பிரிங் அறுக்கப்பட்ட ஒரு செடான் லிஃப்டில் நின்றது. மெக்கானிக் அண்ணன் கூப்பிட்டு, "தம்பி, இந்த ஸ்பிரிங்கைக் கையால திருப்பிப் பாருங்க" என்றார். சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்கைப் பிடித்துத் திருப்பினேன், கடகடவென்று சுற்றியது! மேலும் கீழும் அழுத்தமே இல்லை. கிரைண்டர் வைத்து அறுத்த முனை கத்தி மாதிரி நின்றது, அது உட்காரும் ரப்பரில் பிறை வடிவத்தில் ஆழமாக ஒரு வெட்டு. "ஹேர்பின்ல உள்பக்கச் சக்கரம் தொங்குறப்ப இது இடம் மாறி உட்கார்ந்துச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டார். அந்த வண்டியின் பின்சீட்டில் குழந்தை சீட் கட்டியிருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்துவிட்டது.

ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் ஸ்பிரிங் 20 சதவீதம் விறைக்கும், அவ்வளவுதான். தாழ்ந்த உயரத்துக்கு ஏற்ற நீளமோ முனை வடிவமோ அதில் வராது. நல்ல லோயரிங் ஸ்பிரிங் சக்கரம் முழுக்கத் தொங்கினாலும் தன் இருக்கையைப் பிடித்துக்கொண்டே இருக்கும்படி செய்யப்படுகிறது.

ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே யோசியுங்கள். வண்டி தாழ்ந்ததும் ஷாக் ஏற்கெனவே பாதி உள்ளே போயிருக்கும், பம்ப் ஸ்டாப் (கடைசியில் முட்டித் தடுக்கும் ரப்பர்) சீக்கிரம் தொட்டுவிடும், அப்போது 'டக்'கென்று முதுகுக்கு வரும். 25 மி.மீ. வரை கம்பெனி ஷாக் நன்றாக இருந்தால் சமாளிக்கும். அதற்கு மேல் போகிறவர்கள் தாழ்த்திய வண்டிக்கென்றே வரும் ஷாக் (பில்ஸ்டைன் பி8 அந்த வகை) போட்டால்தான் சரியாக இருக்கும். தேய்ந்த ஷாக் மேல் புது ஸ்பிரிங் மாட்டுவது மகா தப்பு.

நாகலூர் காபி:

அண்ணா எழுதியது சரி, ஆனால் நான் மலைமேலேயே இருப்பவன், என் அனுபவம் வேறு. சேலம் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து ஏறும்போது உள்பக்கம் ஒட்டி வளைத்தால் சரிவு சட்டென்று செங்குத்தாகும், அங்கே முன் பம்பரின் உதடு உரசும். எதிரே பஸ் வந்தால் வெளிப்பக்கம் எடுக்கவும் வழி இருக்காது. என் நண்பரின் தாழ்த்திய வண்டி எஸ்டேட் மண்பாதையில் நடுவயிறு கல்லில் உட்கார்ந்து, ஆள் இறக்கித் தள்ளி எடுத்தோம். மலைமேல் குடியிருப்பவர்கள் தாழ்த்த வேண்டாம் என்பேன். சேலத்து வேகத்தடைகளில் எப்படி ஏற்றுகிறீர்கள் அண்ணா?

அஸ்தம்பட்டிக்காரன்:

தம்பி, எஸ்டேட் பாதைக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, மாமா வீட்டுக்கே நான் தார்ச்சாலை முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடந்துதான் போகிறேன்.

வேகத்தடைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 செ.மீ. உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், மேல் வளைவுக்கு 17 மீட்டர் ஆரம். ஸ்லேவியாவின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு நடுவிலுள்ள தூரம்) 2,651 மி.மீ., அதாவது நான்கு சக்கரமும் அந்த மேட்டின் மேலேயே இருக்கும், வயிற்றுக்கு அடியில் மேடு எழும்பி வருவது சுமார் 5 செ.மீ. மட்டும். அதில் தாழ்த்திய வண்டியும் பிரச்சினையில்லாமல் போகும். தெருக்காரர்கள் சிமென்டைக் கொட்டிக் குறுகலாகக் கட்டிய மேடுதான் எதிரி, அதன் முழு உயரமும் வண்டி அடியில் வந்துவிடும். அங்கே பின்சீட்டு ஆட்களை இறக்கிவிட்டு, குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுகிறேன். அப்பா இதற்குப் பழகிவிட்டார், வண்டி மெதுவானதுமே கதவைத் திறக்கத் தயாராகிவிடுவார்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. வாரன்டி, இன்சூரன்ஸ் இரண்டையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மாட்டிய பிறகு ஸ்பிரிங் கொஞ்சம் படியும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீல் அலைன்மென்ட் பாருங்கள், டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறியிருந்தால் டயரின் உள் ஓரம் சத்தமில்லாமல் தேய்ந்துவிடும். அப்படியே ஹெட்லைட் உயரத்தையும், பின்சீட்டில் ஆள் வைத்து ஒரு தடவை, காலியாக ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள்.